தூண்டில் குச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் தன் மகனுக்கு வாங்கிய கார்பன் தூண்டிலின் படத்தை அனுப்பி, "சார், நாம வீட்டிலேயே செஞ்ச தூண்டிலுக்கெல்லாம் வரலாறுன்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டும்தான் வரலாறு என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். தூண்டிலில் முள் மட்டும்தான் காலத்தைத் தாண்டி நிற்கும். மொகஞ்சதாரோவில் செம்பால் செய்த தூண்டில் முட்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த முள்ளைத் தொங்கவிட்ட குச்சி கிடைக்கவில்லை. மரமும் மூங்கிலும் மண்ணில் மக்கிவிடும். அதனால் குச்சியின் வரலாற்றை ஓவியத்திலும் பழைய நூல்களிலும்தான் தேட வேண்டும். எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஓவியங்களில் கையில் குச்சி பிடித்துத் தூண்டில் போடும் மனிதரைப் பார்க்கலாம்.

நம் பக்கம் என்ன சாட்சி? வெகுதூரம் போகவேண்டாம், நம் தொண்டை நாட்டிலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்லிக்கொண்டே வரும் புலவர், ஆழமான ஒரு குளத்தைக் காட்டுகிறார். மீன் பிடிப்பதில் கெட்டிக்காரனான பாண்மகன் ஒருவன் தோளில் தோல்பையை மாட்டியிருக்கிறான். அதில் இரைக்காக இறைச்சித் துண்டுகள். கையில் நீண்ட மூங்கில் கழி. கழியின் தலையில் கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறான். வளைந்த இரும்பு முள்ளில் இரை. வாளை மீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அதன் பிறகு கரையோரத்துப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினால்கூட, அதைத் தூண்டில் கழி என்று நினைத்து அந்த மீன் மிரள்கிறதாம்!

இந்த ஒரு காட்சியில் தூண்டிலின் எல்லா உறுப்புகளும் வந்துவிட்டன: கழி மூங்கில், கயிறு நுனியில் கட்டப்பட்டது, முள் இரும்பு, இரைக்குத் தனிப் பை. நாம் சிறுவயதில் ஏரிக்கு எடுத்துப்போனதும் இதேதானே? பைக்குப் பதில் கொட்டாங்குச்சியில் மண்புழு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூண்டில் போட்டவன் பாணன். பாணர் யாழ் மீட்டுகிற கலைஞர்கள். சங்க நூல்களில் அவர்கள் மீன் பிடிப்பவர்களாகவும் வருகிறார்கள். யாழுக்கு நரம்பு கட்டத் தெரிந்த கைக்குத் தூண்டிலுக்குக் கயிறு கட்டுவது பெரிய வேலையா என்ன? யாழின் தந்திக்கு 'நரம்பு' என்று பெயர். இன்று நைலான் தூண்டில் கயிற்றையும் நம் பையன்கள் 'நரம்பு' என்றுதான் சொல்கிறார்கள். கடற்கரைப் பக்கம் போனால் 'தங்கூசி' என்பார்கள்.

எங்கள் ஊர் எல்லையூர் ஆயிற்றே, தெலுங்கையும் சொல்லிவிடுகிறேன். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் பாதி வீடுகளில் இரண்டு மொழியும் புழங்கும். தெலுங்கில் தூண்டிலுக்குக் 'காலம்' என்று பெயர். 'கங்கை'யில் முதல் எழுத்தை உச்சரிப்பது போல உச்சரிக்க வேண்டும். காலம் போடுகிறவனுக்குக் காலம் போவது தெரியாது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அடுத்து, மூங்கில் ஏன்?

தொல்காப்பியர் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல். உட்புறம் வைரம் பாய்ந்தது மரம். வேம்பும் தேக்கும் உள்ளே வைரம் உள்ளவை, ஆகவே மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் வெளியே வைரம் உள்ளவை, ஆகவே புல். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் சேர்க்கிறது.

தூண்டில் குச்சியின் ரகசியம் முழுவதும் இந்த வெளி வைரத்தில்தான் இருக்கிறது. மூங்கிலின் வலுவான நார்கள் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப் போக நார் குறைந்து சோறு அதிகமாகும். மீன் இழுக்கும்போது வளைந்து கொடுப்பதும், விட்டவுடன் நிமிர்வதும் அந்த வெளித்தோலின் வேலை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கணுவின் முண்டைத் தேய்ப்பார்களே தவிர, தோலைச் சீவ மாட்டார்கள். "பளபளன்னு இருக்கட்டுமே" என்று தோலைச் சுரண்டிய குச்சி, கெளுத்தி இழுத்த இழுப்பிலேயே படக்கென்று ஒடியும்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் 1496-இல் தூண்டில் பற்றிய ஒரு சிறுநூல் அச்சானது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி எழுதியதாக வழிவழியாகச் சொல்வார்கள். அதில் தூண்டில் குச்சியை வீட்டிலேயே செய்யும் முறை இருக்கிறது. குளிர் பருவத்தில் கொம்பை வெட்ட வேண்டும். ரொட்டி சுடும் அடுப்பில் சூடாக்கி நிமிர்த்த வேண்டும். கூரையடியில் புகை படும்படி வைத்து உலர்த்த வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உள்ளே துளை போட வேண்டும். தையல் ஊசியை நெருப்பில் காட்டி வளைத்தால் முள் தயார். கயிறு குதிரைவால் முடியில் திரித்தது. அங்கே மூங்கில் இல்லாததால் வில்லோ போன்ற மரங்களின் கொம்பு. மற்றபடி சூடு, புகை, பொறுமை மூன்றும் அங்கும் இங்கும் ஒன்றே. பெரும்பாணாற்றுப்படையை அவர்கள் படிக்கவில்லை, அவர்கள் நூலை நாமும் படிக்கவில்லை. ஒரே வேலை ஒரே வழியைக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

இனி வருகிற பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு மூங்கில் கல்கத்தா துறைமுகம் வழியாக அமெரிக்கா போனது. அங்கே அதற்குப் பெயரே 'கல்கத்தா மூங்கில்'. நாம் கல்மூங்கில் என்று சொல்லும் இனமாகத்தான் அதை அடையாளம் காண்கிறார்கள். உள்ளே பொந்து குறைந்து, கிட்டத்தட்டக் கெட்டியாக இருக்கும் மூங்கில் அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளிலும் வளர்வது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் பிலிப்பி என்பவர் இருந்தார். தொழில் துப்பாக்கி செய்வது. கூடவே வயலினும் செய்வார். 1840-களில் இவர் மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து, உள்பக்கச் சோற்றைச் சீவி எறிந்துவிட்டு, வெளித்தோல் பட்டைகளை மட்டும் ஒன்றாக ஒட்டித் தூண்டில் கழி செய்த முன்னோடிகளில் ஒருவர். பிறகு இதுவே ஆறு பட்டைகளாக நிலைபெற்றது. ஒவ்வொரு பட்டையும் 60 பாகைக் கோணமுள்ள முக்கோணம். ஆறும் சேர்ந்தால் அறுகோணம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தோல்தான் வெளியே இருக்கும். வெளியே வைரம் என்று தொல்காப்பியர் சொன்னது அங்கே தச்சுக் கணக்காக மாறியிருக்கிறது, பாருங்கள்!

அங்கே வயலின் செய்தவர், இங்கே யாழ் மீட்டியவர். இரண்டு பேருமே மரம், நரம்பு, அதிர்வு இவற்றோடு பழகியவர்கள். தூண்டில் குச்சி செய்வது நம் பக்கம் தனித் தொழிலாக இருந்ததே இல்லை. வேறு வேலை தெரிந்த கைகள், அந்த வேலையின் கருவிகளை வைத்து ஓய்வு நேரத்தில் செய்தது அது. என் பதிலின் சாரம் இதுதான்.

அமெரிக்காவில் அது பின்னால் பெரிய தொழிலானது. ஹைரம் லியோனார்டு போன்றவர்கள் பட்டை சீவ இயந்திரமே வைத்தார்கள். கல்கத்தா மூங்கிலில் அவர்களுக்கு ஒரு குறை இருந்தது. கழிகளில் ஆங்காங்கே கருகிய தழும்பு இருக்கும். நிமிர்த்துவதற்காக நெருப்பில் காட்டியது என்றும், வண்டு அடிக்காமலிருக்கச் சுட்டது என்றும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். அந்த இடங்களை வெட்டி எறிய வேண்டியிருந்தது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகு அவர்கள் மெல்ல மெல்லச் சீனத்தின் டோங்கின் மூங்கிலுக்கு மாறினார்கள். 1950-இல் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட்டதும் அந்த மூங்கிலும் நின்றது. அதற்குள் கண்ணாடி இழைக் கழி வந்துவிட்டது. 1970-களில் கார்பன் கழி வந்தது.

ஆனாலும் வீட்டில் செய்வது சாகவில்லை. எவரெட் கேரிசன் என்ற பொறியாளர் ஓய்வு நேரத்தில் மூங்கில் கழி செய்துவந்தார். அவருடைய முறைகளை ஹோகி கார்மைக்கேல் என்பவர் 1977-இல் புத்தகமாக்கினார். அதைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கொட்டகையில் பலகையில் காடி வெட்டி, கை இழைப்புளியால் பட்டை சீவத் தொடங்கினார்கள். ஜப்பானில் மூங்கில் தூண்டில் செய்வதைப் பாரம்பரியக் கைவினையாகவே போற்றுகிறார்கள். வளைந்த மூங்கிலை நிமிர்த்த, சாய்வாகக் காடி வெட்டிய ஒரு மரக்கட்டைதான் அவர்களுடைய முக்கியக் கருவி.

நம் மாகாணத்திலும் தூண்டில் பற்றிப் புத்தகம் எழுதியவர் உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் எழுதினார். 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு நூல். நம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்ற சிறுவனுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்ததை யாரும் எழுதியும் வைக்கவில்லை. அதனால் நான் பார்த்ததையும் செய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூங்கில்: அடி கட்டைவிரல் பருமன், நீளம் எட்டு முதல் பத்து அடி. மூன்று வயதாவது ஆன கழியாக இருக்க வேண்டும். இளங்கழி பச்சைப் பசேலென்று பளபளக்கும். முதிர்ந்தது நிறம் மங்கி ஆங்காங்கே வெண்திட்டு படிந்திருக்கும். மழைக்காலத்தில் வெட்டக்கூடாது. மார்கழி, தை மாதங்கள் நல்லது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் துளைக்கிற வண்டுக்குத் தீனி. அது குறைவாக உள்ள காலத்தில் வெட்டினால் குச்சி உளுக்காது.

ஊறவைத்தல்: வெட்டிய கழியை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் அமுக்கி வைப்பார்கள். நாற்றம் எடுக்கும், பயப்படாதீர்கள். மிச்சமிருக்கும் மாவுச்சத்து கரைந்து வெளியேறுகிறது. பிறகு நுனியை மேலே கட்டித் தொங்கவிட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டி நிழலில் உலர்த்த வேண்டும். கல்லின் கனமே பாதி வளைவை எடுத்துவிடும். விறகடுப்பு இருந்த நாளில் அடுப்புக்கு மேலே பரணில் செருகி வைப்பார்கள். புகை குடித்த மூங்கிலை வண்டு தொடாது.

நிமிர்த்தல்: உடைந்த சட்டியில் கொஞ்சம் கரி நெருப்பு போதும். கழியை அரையடி உயரத்தில் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். தோலில் எண்ணெய் போல மினுமினுப்பு கசியும்போது பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். மூங்கிலின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். எனவே கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, மெல்ல நிமிர்த்தி, ஈரத்துணியால் ஒற்றி ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகும், ஆறுமுன் விட்டால் பழையபடி வளையும்.

வளையம்: ஏரியில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் வளையமே வேண்டாம். பாண்மகனைப் போல நுனியில் நரம்பைக் கட்டினால் போதும். தூரம் வீச வேண்டுமென்றால் ஊக்கின் வளைந்த முனையை வெட்டி எடுத்தால் அருமையான வளையம். சைக்கிள் போக்ஸ் கம்பியை ஆணியில் சுற்றியும் செய்யலாம்.

நூல் சுற்றுதல்: வளையத்தைக் குச்சியோடு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவதுதான் நுணுக்கமான வேலை. இதற்கு வெளிநாட்டில் தனி இயந்திரம் விற்கிறார்கள். நமக்கு ஒரு செருப்பு டப்பா போதும். இரண்டு பக்கச் சுவரிலும் முக்கோணமாக வெட்டி, குச்சியை அதில் படுக்க வையுங்கள். நூல்கண்டை ஒரு டம்ளரில் போட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு வெளியே எடுங்கள். புத்தகத்தின் கனம் நூலை ஒரே இழுப்பில் வைத்திருக்கும். பழைய அகராதி இருந்தால் இன்னும் விசேஷம்! ஒரு கையால் குச்சியை உருட்டினால் நூல் ஒன்றையொன்று ஒட்டிப் படியும். தொடக்க முனையை முதல் சில சுற்றுக்கு அடியில் மறைத்துவிடலாம். முடிவதற்கு ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது ஒரு தனி நூலை மடித்துக் கண்ணி போல உள்ளே வைத்துச் சுற்றி, கடைசி முனையை அந்தக் கண்ணியில் கோத்து வெளியே இழுத்தால் முடிச்சே தெரியாது. மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். நகப்பூச்சும் வேலை செய்யும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். இழையின் இழுப்பு அவர்கள் விரலிலேயே இருக்கும்.

தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு. நரம்பு சுற்றி வைக்கப் பால்டின். முள்ளை மட்டும் கடையில் வாங்க வேண்டும். திருக்குறளில் சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றிக்கு உவமை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புதான். இரும்பு முள் அந்தக் காலத்திலேயே அவ்வளவு பழகிய பொருள். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டாது.

இதெல்லாம் இன்று எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று காரணம்.

ஒன்று, மூங்கில். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை 'மரம்' என்ற வரையறைக்குள் வைத்தது. அந்தச் சட்டம் செல்லும் மாநிலங்களில், சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலைக்கூட வெட்டி வெளியூர் கொண்டுபோக அனுமதிச் சீட்டு கேட்கும் நிலை இருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து நீக்கியது 2017-இல்தான். தொல்காப்பியர் புல் என்று எப்போதோ சொன்னதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 90 ஆண்டு ஆயிற்று. இப்போது தோட்டத்து ஓரத்தில் ஒரு மூங்கில் புதர் வைக்கலாம். ஆனால் நம் பக்கம் வீட்டுமனை போட்டதில் வேலியோரப் புதர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

இரண்டு, ஏரி. மீன்பாசி ஏலம் எடுத்தவர்கள் குஞ்சு விட்டு வளர்க்கும் ஏரியில் கேட்காமல் தூண்டில் போடுவது முறையல்ல, கேட்டுவிட்டுப் போங்கள். மீனும் மாறிவிட்டது. நாம் 'நாட்டு மீன்' போலப் பழகிவிட்ட ஜிலேபி 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பழைய குறவையையும் விராலையும் அடையாளம் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர்?

மூன்று, கை. இதுதான் எனக்குப் பெரிய கவலை. மூங்கிலின் பதம் எது, நெருப்பு எவ்வளவு, நூலின் இழுப்பு எவ்வளவு என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கையிலிருந்து கைக்குப் போனது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால் போதும், சங்ககாலப் பாண்மகன் முதல் நம் வரை வந்த சங்கிலி சத்தமில்லாமல் அறுந்துவிடும். குச்சி மக்கிவிடும் என்று முதலிலேயே சொன்னேன். அருங்காட்சியகத்தில் வைத்து இதைக் காப்பாற்ற முடியாது. செய்துகொண்டே இருப்பதுதான் ஒரே வழி.

கார்பன் தூண்டில் வாங்கியதில் தவறில்லை. ஆனால் கார்பனில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அடியில் அதை உயர்த்தவே கூடாது. ஈர மூங்கிலுக்கும் அதே எச்சரிக்கை. அறுந்த நைலான் நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள், கொக்கின் காலில் சிக்கும். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளை ஏரிக்கு அனுப்பாதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு மேலே தெரியாது.

வரும் தை மாதத்தில் ஒரு மூங்கில் கழி வெட்டுங்கள். பிள்ளையை உருட்டச் சொல்லி நீங்கள் நூல் பிடியுங்கள். மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் தூண்டிலுக்கு என்ன பெயர், கழிக்கு எந்தக் கொம்பு, நைலான் வருவதற்கு முன் எந்த நாரில் கயிறு திரித்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்